இத்தா முடிய மிஞ்சிய மூன்று தேன் பெட்டிகள்

என் மச்சானுக்கு,

உங்கள் மாமா மகள் றகுமா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்களை அடக்கிய நாளிலிருந்து நான் இருந்த இத்தா நேற்றோடு முடிந்தது. நாலு மாதமும் பத்து நாளும் உடுத்த வெள்ளைச் சீலையைக் கழற்றிவிட்டு, சல்மா ராத்தா கொண்டுவந்த பச்சைச் சீலையை உடுத்தியிருக்கிறேன். எனக்கு மூத்தவள் அல்லவா, வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். வந்தவர்கள் துஆ ஓதி, சாப்பிட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு பழையபடி ஓய்ந்து கிடக்கிறது.

களைப்பாக இருக்கிறது மச்சான். அழுத களைப்பு இல்லை, அது முதல் மாதத்தோடு தேய்ந்துவிட்டது. இது வேலை செய்த களைப்பு. நீங்கள் விட்டுப்போன ஏழு தேன் பெட்டிகளில் இப்போது மூன்றுதான் இருக்கின்றன. மற்ற நாலும் எப்படிப் போயின என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். வேறு யாரிடம் சொன்னாலும், பூச்சிதானே புள்ள என்று சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கும் அப்படித்தானே இருந்தது? நாவிதன்வெளிப் பக்கம் தபால் கொண்டுபோன நீங்கள், ஒரு நாள் பொந்து விழுந்த மருத மரத்திலிருந்து ஒரு தேன்கூட்டை எடுத்துக் கடகத்தில் வைத்து, சாரத்தால் மூடிக்கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினீர்கள். உங்கள் கண் இரண்டும் வீங்கிப் பாதி மூடியிருந்தன. வாய் மட்டும் சிரித்தது. அந்தக் கூட்டுக்கு மூத்தவள் என்று பேர் வைத்தீர்கள். பிள்ளை தங்காத வீட்டில் பூச்சி வளர்க்கிறான் என்று ஊர் கதைத்தது உங்கள் காதில் விழுந்ததோ தெரியாது. என் காதில் விழுந்தது. அதனால்தான் நான் ஒரு நாளும் அந்தப் பெட்டிகளுக்குக் கிட்டப் போகவில்லை. உங்களுக்கு அது விளங்கியிருந்ததா?

நீங்கள் மௌத்தான அன்று காலையிலும் அப்படித்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது, பெட்டிக் கால்களுக்கு வைத்த தகரப் பேணிகளில் எண்ணெய் இருக்கிறதா என்று பார் என்றீர்கள். உங்கட பூச்சிக்கு நானா வேலைக்காரி என்று கேட்டேன். நீங்கள் சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போனீர்கள். லுஹர் தொழுகைக்கு முன்னமே நிந்தவூர் றோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். பஸ்ஸை மறித்து ஏற்றியிருக்கிறார்கள். இங்கே வந்து இறக்கும்போது நீங்கள் இல்லை.

அது புரட்டாதிக் கடைசி. ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது நான் உள்ளறையில் இத்தா இருந்தேன். பேணிகளில் மழைத்தண்ணீர் நிரம்பி, மேலே மிதந்த எண்ணெய் வழிந்து போய்விட்டது. எண்ணெய் இல்லாத பேணி எறும்புக்குத் தடையா? பின்வளவுப் பக்கம் இரைச்சல் கேட்டது. கேட்டும் எழும்பவில்லை மச்சான். அஸருக்கு வுளூ எடுக்கக் கிணற்றடிக்குப் போனபோதுதான் பார்த்தேன். வேலியோரப் பெட்டியின் வாசல் முழுக்க முசுறு. சிவப்புக் கயிறு மாதிரி ஏறி, புழுக்களைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு பூச்சிகூட உயிரோடு இல்லை. அது முதலாவது.

அன்றைக்கு முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மற்ற ஆறு பெட்டிகளின் பேணிகளையும் கழுவி, புதிதாக மண்ணெண்ணெய் ஊற்றி, மழை விழாமல் மேலே தகரத் துண்டு செருகினேன். அன்பினால் செய்தேன் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன வேலை அது. செய்யாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை. இத்தாக்காரி தெருவுக்குப் போகவும் வெளி ஆண்களைப் பார்க்கவும்தான் கூடாது, பின்வளவுக்குப் போகலாம் அல்லவா?

சல்மா ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. என்னைத் தன் வீட்டோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், பெட்டிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். ஒரு நாள் வாசற்படியில் நின்றுகொண்டு மெல்லக் கேட்டாள். “கூட்டுக்குள்ள ஆண் பூச்சியும் இருக்குமே புள்ள. இத்தாவில இருக்கிற நீ அதத் திறந்து பாக்கலாமா?” அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

எனக்குத் துணையாக வந்தவ எஸ்தர் அக்கா. மெதடிஸ்த கோயிலடி மருத்துவிச்சி. நமது இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் பிறந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவவும் அவதான். நான் முதன்முதல் பெட்டி திறந்த அன்று தற்செயலாக வந்தா. “என்ன புள்ள இது, முகம் பாண் மாதிரி ஊதிக் கிடக்கு” என்று கேட்டுவிட்டு, மடியில் என் தலையை வைத்து ஒவ்வொரு கொடுக்காகக் கிள்ளி எடுத்தா. பதினொன்று. அதற்குப் பிறகு கடைக்குப் போவதும் ஆளிடம் கேட்டு வருவதும் அவவின் பாடு, பெட்டி திறப்பது என் பாடு என்றாகிவிட்டது.

கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. பூ இல்லை, பூச்சி வெளியே போக வழியும் இல்லை. சீனியைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, சிரட்டையில் ஊற்றி, மூழ்கிச் சாகாமல் இருக்க வைக்கோல் துண்டு போட்டு உள்ளே வைத்தேன். மூடிக்கு மேல் சாக்கு போட்டேன். சாக்கு நனைந்தால் அடுப்படியில் காயவைத்து மறுபடி போட்டேன். அப்படியும் ஒரு கூட்டில் மெழுகுப் புழு வந்து தேன்வதை முழுக்க நூல் நூற்றுவிட்டது. மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலையில் அந்தக் கூட்டம் மொத்தமாக எழும்பி, கிணற்றுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வயல் பக்கம் போய்விட்டது. நான் வாளியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அதுகளுக்குப் போக முடிகிறது என்று பொறாமையாகக்கூட இருந்தது. அது இரண்டாவது.

உண்ணியைக் கண்டது மார்கழியில். மூத்தவளின் பெட்டிக்கு முன்னால் பூச்சிகள் பறக்காமல் தரையில் ஊர்ந்தன. சிறகு நனைந்த கடதாசி மாதிரிச் சுருங்கியிருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முதுகில் குரக்கன் மணி அளவில், செம்மண் நிறத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. மணி என்றுதான் நினைத்தேன். அது நகர்ந்தது. பக்கத்துப் பெட்டியிலும் அப்படி இரண்டு மூன்று கண்டேன். நீங்கள் இருக்கும்போதும் இது இருந்ததா? எனக்குச் சொல்லாமல் நீங்களே பார்த்துக்கொண்டீர்களா?

எஸ்தர் அக்கா விவசாய உத்தியோகத்தர் ஒருவரிடம் விசாரித்து வந்து சொன்னா. “சீக்கு முத்தின கூட்ட எரிச்சுப் போடட்டாம் புள்ள, இல்லாட்டி மத்ததுக்கும் ஏறுமாம். இல்லயெண்டா புகையிலைப் புகை கொஞ்சமாக் காட்டிப் பாக்கட்டாம். கொஞ்சமா எண்டு ரெண்டு தரம் சொன்னவர்.”

எரிக்க மனம் வரவில்லை. புகையிலை வாங்கி வரச் சொன்னேன். மச்சான், இதைத்தான் நான் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். துளையிட்ட பேணியில் தணலும் இலையும் போட்டு, முதலில் பக்கத்துப் பெட்டிக்குப் பிடித்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம். கொஞ்சம் காட்டினேன், உண்ணி விழவில்லை. இன்னும் இரண்டு இலை போட்டேன். வாசலை அடைத்துவிட்டு மூடி இடுக்கால் ஊதினேன். என்னை விட்டுப்போன எல்லாரிலும் இருந்த கோபத்தை அந்தப் பேணிக்குள் ஊதினேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. இரைச்சல் முதலில் கூடியது, பிறகு குறைந்தது. மூடியைத் திறந்தபோது எல்லாம் அடித்தட்டில் குவிந்து கிடந்தன. உண்ணியும் செத்திருந்தது, பூச்சியும் செத்திருந்தது. நீண்ட வயிற்றோடு ராணி ஒரு மூலையில் கால் மடக்கிக் கிடந்தாள். மழை வந்து என்னை நனைத்தது. நான் மூடவில்லை.

எஸ்தர் அக்கா மறுநாள் வந்து பார்த்துவிட்டு ஏசவில்லை. என் கையிலும் இப்படிப் போயிருக்கு புள்ள, தாயும் பிள்ளையுமாக, மறுகா அடுத்த வீட்டுக்கும் போகத்தானே வேணும் என்று மட்டும் சொன்னா. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவ அதை எனக்குச் சொன்னதில்லை.

மூத்தவள் நாளுக்கு நாள் தேய்ந்தாள். நாலு வதையில் இருந்தவள் ஒன்றில் ஒடுங்கினாள். ஊர்கிற பூச்சிகள் அடுத்த பெட்டிவரை போகத் தொடங்கின. மார்கழிக் கடைசியில் ஒரு பின்னேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன், எல்லாம் உள்ளே அடைந்தபிறகு வாசலைக் களிமண்ணால் அடைத்தேன். எஸ்தர் அக்கா வளவு மூலையில் குழி வெட்டியிருந்தா. இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம். பாரமே இல்லை.

“நான் கொளுத்தட்டா?” என்று அக்கா கேட்டா.

“வேணாம் அக்கா. அவர் கொண்டந்த மூத்தவள். நானே செய்யிறன்.”

ஈரப் பலகை இலேசில் பிடிக்கவில்லை. மூன்று தரம் கொளுத்தினேன். மூன்றாம் தரம் பிடித்தது. மெழுகு உருகிய வாசம் வீடு முழுக்க இரண்டு நாள் இருந்தது. நீங்கள் பெட்டி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசம். நான் சோறு சமைக்கவில்லை.

மிஞ்சிய மூன்றையும் எப்படிக் காத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வெள்ளைச் சீலைகளில் ஒன்றைக் கிழித்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொரு பெட்டியின் அடித்தட்டிலும் விரித்தேன். நகம் அளவு புகையிலையைத் தேங்காய்ப் பொச்சுத் தும்போடு சேர்த்து, ஐந்து ஊது, அவ்வளவுதான். ஸலவாத்து ஓதி எண்ணிக்கொண்டு ஊதுவேன், கை மீறிப் போகாமல். அடுத்த நாள் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் செம்புள்ளிகள் ஒட்டியிருக்கும்.

தை பிறந்து மழை குறைந்ததும் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். ஆண் பூச்சி வளரும் அறைகள் கொஞ்சம் பெரிதாக, மூடியின் நடுவில் ஊசித்துளையோடு இருக்குமே, உண்ணி அதற்குள்தான் குடியிருந்தது. மூடியைக் கீறிப் பார்த்தபோது வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் இரண்டு இருந்தன. அந்த அறைகள் இருக்கும் துண்டை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்து அடுப்பில் போட்டேன். ஒவ்வொரு கிழமையும் அப்படிச் செய்தேன். ராத்தாவிடம், ஆண் பூச்சி ஒன்றையும் நான் வீட்டில் வைக்கவில்லை என்று சொன்னேன். அவளும் சிரித்துவிட்டாள். போன கிழமை மூன்று துணியிலும் சேர்த்து இரண்டே இரண்டு புள்ளிகள்தான். உண்ணியால்தான் மற்றவை செத்தனவா, ஈரத்தாலா, பசியாலா, என் கையாலா? எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கக் கூடிய ஏழு வருஷமும் நான் கேட்கவில்லை.

நேற்று எல்லாரும் போனபிறகு ராத்தா மறுபடி ஆரம்பித்தாள். தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், தனியாக இருந்து மெலிந்துபோகிறேன் என்றாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் பெட்டிகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவள் சொன்னாள், “பூச்சிக்காகவா புள்ள நீ இருக்கப்போற?” ஓம் என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவள், சரி, வெள்ளிக்கிழமைகளில் நான் சீனி கொண்டு வாறன் என்று சொல்லிப் போனாள்.

இன்று காலை எஸ்தர் அக்கா பிரசவம் ஒன்று பார்த்துவிட்டுப் போகிற வழியில் வேலியோடு நின்றா. உள்ளே வரவில்லை, அவவுக்கும் களைப்பு. “உன்ட ஆக்களக் கண்டன் புள்ள” என்றா. யாரை என்று கேட்டேன். பள்ளிவாசலுக்குப் பின்னால், உங்களை அடக்கிய மையவாடி மதிலோடு வந்தாவாம். மாரி மழைக்கு உள்ளே தும்பை இடுப்பளவு வளர்ந்து வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதாம். “பூவுக்குப் பூ உன்ட பூச்சிதான். ஒரே இரைச்சல். அவர்ர பக்கமெல்லாம் நிக்குதுகள்.”

நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. உங்களை எந்த மூலையில் வைத்தார்கள் என்று நான் கண்ணால் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. அக்கா போனபிறகு பெட்டிகளுக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தேன். வெள்ளைப் பொடி அப்பிய நெற்றியோடு ஒவ்வொன்றாக வந்து இறங்கி உள்ளே போயின. மேற்கிலிருந்துதான் வந்தன. பள்ளி இருக்கும் பக்கம். சோறு வடிக்கும் நேரம் தாண்டியும் நான் எழும்பவில்லை.

இந்த வருஷம் ஒரு வதையும் வெட்டமாட்டேன் மச்சான். தும்பையில் எடுத்ததெல்லாம் அதுகளுக்கே இருக்கட்டும். அடுத்த மாரிக்குள் மூன்றையும் பலக்கச் செய்து, ஐந்து ஊதுக்கு மேல் ஊதாமல், காலையில் வாசலைத் திறந்து அதுகளை உங்களிடம் அனுப்பிவைப்பேன். நான் வர இயலாத இடத்துக்கு அதுகள் வரட்டும்.

உங்கள் மாமா மகளும் பெண்சாதியுமான,
றகுமா