ஏர் படாத ஒரு ஏக்கர்

பிளம் க்ரோவ், அயோவா
1956 ஜூன் 10

அன்புள்ள வெர்னா,

நலமா? உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகமா? எனக்குத்தான் சுகமில்லை. வைக்கோல் பரணிலிருந்து விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணை ஹேசல் சாப்பாடு கொண்டுவருகிறாள், கூடவே திட்டும். "அம்பது வயசுல பரண்மேல என்னய்யா வேலை? பொண்டாட்டி இருந்திருந்தா ஏற விட்டிருப்பாளா?" என்கிறாள். எதிர்த்துப் பேசினால் சாப்பாடு நின்றுவிடுமே.

எழுத வந்த விஷயம் வேறு. இந்த வருஷம் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட முடியவில்லை. லோயிஸை அங்கே வைத்த பிறகு இதுதான் முதல் முறை. ஊர்க் கூட்டத்தில் உதவி கேட்டேன். ஆர்வில் பென்க் எழுந்து, "ஏழு வருஷமா எங்க யாரையும் அந்தப் புல் வெட்டுற மெஷினைத் தொடக்கூட விடல. இப்ப மட்டும் நாங்க வேணுமாக்கும்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதும் பொய்யில்லை. புல் வளர்ந்து நம் மகளின் கல்லை மூடிவிட்டது. யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

உன்
எல்மர்


ஒமாஹா
1956 ஜூன் 19

அன்புள்ள எல்மர்,

காலைப் பார்த்துக்கொள். அவசரப்பட்டு ஊன்றாதே. ஹேசலுக்கு என் அன்பைச் சொல்.

உன் கடிதத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு ரொம்ப யோசித்தேன். போலியோ லோயிஸைக் கொண்டுபோன பிறகு, நீ ஒரே ஒரு தடவை அவள் பேரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ புல் வெட்டினாய். நான் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாய். நான் கிளம்பி வந்ததற்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள் என்று தெரியும். காரணம் அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் புல் வெட்டும் சத்தமும் இல்லையென்றால், குழந்தை அங்கே யாரோடு இருக்கிறாள்?

அவளை இங்கே கொண்டுவர வேண்டும். நான் நடந்துபோகும் தூரத்தில் ஒரு நல்ல கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தகப்பனின் சம்மதம் வேண்டுமாம். சம்மதம் கொடு, எல்மர். இதற்குமேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

வெர்னா


பிளம் க்ரோவ்
1957 ஏப்ரல் 7

அன்புள்ள வெர்னா,

கிறிஸ்துமஸுக்கு நீ மறுபடி எழுதிக் கேட்டதற்கும் பதில் போடவில்லை. கோபமில்லை. பேனாவை எடுப்பேன், அப்படியே வைத்துவிடுவேன்.

போன வாரம் ஆர்வில் சாலையோரக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தான். காற்று திரும்பிவிட்டது. நான் தடியை ஊன்றிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் கல்லறைத் தோட்டம் முழுக்க எரிந்து முடிந்திருந்தது. வெறும் கருப்புத் தரை, நடுவே கரி பிடித்த கற்கள். ஆர்வில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "என்னை அடிச்சிரு எல்மர். எங்கப்பாவும் இங்கதான் இருக்கார்" என்றான். அடிக்கத் தோன்றவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பேருமாகக் கல் கல்லாகத் தேய்த்துக் கழுவினோம். லோயிஸின் கல்லை நான் கழுவினேன்.

இனி அவளை இங்கே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. சம்மதம். ஜூலைக் கடைசியில் தரை காய்ந்திருக்கும். ஆட்களை அனுப்பு.

எல்மர்


பிளம் க்ரோவ்
1957 ஜூலை 14

அன்புள்ள வெர்னா,

இதைப் படித்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பாய். சந்தேகமிருந்தால் ஹேசலுக்கு எழுதிக் கேள்.

மே மாதம் அந்தக் கரித்தரையில் பச்சை துளிர்த்தது. பழைய புல்தான் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வோர் இலையும் ஒரு விதமாக இருந்தது. பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒன்றின் பேர்கூடத் தெரியவில்லை. ஜூன் மழைக்குப் பிறகு பூக்கத் தொடங்கியது. இன்னும் நிற்கவில்லை. தலை கவிழ்ந்த ஆரஞ்சு லில்லிகள். ஊதா நிறத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் கதிர்கள். என் தொப்பிக்கும் மேலே மஞ்சள் பூக்கள், அவற்றின் மேல் எங்கிருந்தோ வந்த தேனீக்கள். நாலு பக்கமும் நம் சோளம் வரிசை பிசகாமல் நிற்கிறது. நடுவில் இந்த ஒரு ஏக்கர் மட்டும் பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது. யாரும் விதைக்கவில்லை, வெர்னா. யாரும்.

முதலில் இங்கே குடியேறியவர்களுக்கு வந்த குளிர்காலத்திலேயே பிள்ளைகள் இறந்தார்கள். வீட்டுக்குக் கூரை போடுமுன் கல்லறைக்கு வேலி போட்டார்கள். பிறகு வேலிக்கு வெளியே இருந்ததையெல்லாம் உழுது தீர்த்தோம். உள்ளே மட்டும் ஏர் இறங்கவே இல்லை. இறந்தவர்கள் மேல் யார் உழுவார்கள்? ஏர் வருவதற்கு முன்பிருந்த இந்தப் பூப்புல்வெளியை அந்தப் பிள்ளைகள்தான் இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என் மெஷினுக்குக் கீழேயும் வேர் சாகாமல் கிடந்திருக்கிறது; வெட்டு நின்று தீயும் பட்டதும் துளிர்த்துவிட்டது.

வண்டி கட்டி வந்தவர்களில் இன்று உயிரோடிருப்பது பெர்த்தா கோல்ப் அம்மாள் ஒருவர்தான். வந்தபோது சின்னக் குழந்தை. ஆர்வில் அவரைக் காரில் கூட்டிவந்தான். அவர் வேலியைப் பிடித்தபடி நின்றார். "வெயிலா இருக்கே, போலாமா?" என்றான் ஆர்வில். "வாயை மூடுடா" என்றார். அப்புறம் சொன்னார்: "ஆத்தங்கரை வரைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எங்கம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னு அழுதா. சந்தோஷத்துல அழுதாளா, பயந்து அழுதாளான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல."

பார்க்கும்போது வருவது சந்தோஷமா பயமா என்று எங்களுக்கும் தெரியவில்லை. சர்ச் முடிந்ததும் ஊரே வேலியோரம் வந்து நிற்கிறது. மழை, சோள விலைப் பேச்செல்லாம் மறந்துபோய்விட்டது.

லோயிஸின் கல்லைச் சுற்றி லில்லிகள்தான் அதிகம்.

கொடுத்த வாக்கை மாற்றவில்லை. 29ஆம் தேதி ஆட்கள் வரட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதற்கு முன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

உன்
எல்மர்


ஒமாஹா
1957 ஜூலை 23

என் எல்மர்,

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நீ எழுதியதில் பாதி கற்பனை என்று நினைத்துத்தான் வந்தேன். சாலை திரும்பியதும் அதைப் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தேன். பூக்களுக்கு நடுவே உன் தொப்பி மட்டும் தெரிந்தது. யாரோடோ பேசிக்கொண்டிருந்தாய். "லோயிஸ், சிவப்புப் பசு கன்னு போட்டிருக்குடா. நெத்தியில வெள்ளை. நீ இருந்தா இந்நேரம் பேரு வச்சிருப்ப" என்றாய். ஹேசல் வைத்த சூப்பில் உப்பில்லை என்றாய். கால்வலி, ஆர்வில், மழை எல்லாம் சொன்னாய். "அம்மா உன்னை அவங்க பக்கத்துல வச்சுக்கப் போறாங்க. நல்லதுதான். நான் பஸ்ஸைப் புடிச்சு வந்துருவேன், பயப்படாத" என்றாய்.

கல்யாணமான நாளிலிருந்து உன்னிடமிருந்து அவ்வளவு வார்த்தைகள் நான் கேட்டதில்லை. நான் வந்தால் நிறுத்திவிடுவாய் என்று பயந்து, பூக்களுக்குப் பின்னாலேயே நின்றேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அங்கேயே இருக்கட்டும். அந்த இடத்தில் யாரும் கை வைக்க வேண்டாம், நீயும்தான்.

வீட்டுக்கு எப்போது திரும்புவாய் என்று மட்டும் இப்போது கேட்காதே. எனக்கே தெரியாது. வருகிற ஞாயிறு மறுபடி வருகிறேன். இந்தத் தடவை நேராக உன் பக்கத்தில் வந்து நிற்பேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடாதே.

உன்
வெர்னா