மோட்டார் ரூம் என்றால் என்ன?

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெற்றிவேலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஜெயஸ்ரீ மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் எப்படி என்று படித்து முடித்தால் உனக்கே தெரியும். ஜெர்மனியில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுக் குளிருக்கு இதமாக உடுத்தி நன்றாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் தங்கை ஜெயஸ்ரீக்கு ஸ்கூல் லீவு விட்டாயிற்று, கேம்ப் ரோடில் மறுபடியும் பள்ளம் தோண்டிவிட்டார்கள், மாவு மெஷினுக்குப் போய்வருவதே பேஜாராக இருக்கிறது. வெயில் இந்த வருஷம் மண்டையைப் பிளக்கிறது. அந்த வெயில்தான் நம் மானத்தையும் வாங்கிவிட்டது.

பெருங்களத்தூர் அபார்ட்மெண்டுக்கு நம் கம்பெனியிலிருந்து போன பம்பு மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. பகலில் மாடித் தொட்டியிலிருந்து மேல் வீடுகளுக்குத் தண்ணீரே தள்ளவில்லையாம். மறைமலை நகரில் நம் ஷெட்டில் பிரித்துப் பார்த்தார்கள், கம்பி சுற்றின காயில் நன்றாக இருக்கிறது, பேரிங் நன்றாக இருக்கிறது, காந்தம்தான் சூட்டில் சத்துப் போய்க் கிடக்கிறது. ஒரு ஸ்குரூவைக் காட்டினால்கூட வேண்டா வெறுப்பாக ஒட்டுகிறது. நீ போட்ட டிசைன் அது. சூடு தாங்குவதற்காகக் காந்தத்தில் சேர்க்கிற விலை கூடின உலோகம் நமக்குத் தேவையே இல்லை, சாதாரணக் காந்தத்தை மெலிசாக வைத்தாலே அதே வேகம் வரும், மோட்டார் விலை இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டினாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், இல்லை என்று சொல்லவில்லை. மோட்டார் எங்கே இருக்கும் என்று நீ கேட்டதற்கு அப்பா, மோட்டார் ரூமில்தான் என்றார், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நீ ரூம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ரூம் டெம்பரேச்சர் என்று கணக்கில் போட்டுவிட்டாய். ஏண்டா, மோட்டார் ரூம் என்றால் என்ன என்று உனக்கா தெரியாது? மொட்டை மாடியில் தகரம் வேய்ந்து பூட்டு போட்ட பொட்டிதானே அது. நம் வீட்டில் சுவிட்ச் போட அனுப்பினால் கதவு சுடுகிறது என்று துண்டைச் சுற்றிக்கொண்டு திறப்பாயே. வெள்ளைக்காரன் செய்திருந்தால் பாவம் தெரியவில்லை என்று விட்டுவிடலாம்.

தப்பு யாருக்கும் வரும், அதற்காக நான் எழுதவில்லை. அப்பா போனில் விஷயத்தைச் சொன்னதும் நீ என்ன சொன்னாய்? டிசைன்ல ஒண்ணும் தப்பில்லப்பா, காத்தோட்டம் இல்லாத எடத்துல மாட்டிட்டாங்க, வாரண்டி கெடையாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க என்றாய். அப்பா சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் பில்டர் ஜீவானந்தம் குடியிருப்பவர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, இன்னா பொன்னுரங்கம், துட்டுக்கு ஆசப்பட்டு மட்டமான காந்தத்த எங்க தலைல கட்டிகீறியே, யாரு சொல்லி மாத்துன என்று கேட்டிருக்கிறார். நான்தான் சார் மாத்துனேன், என் கணக்கு தப்பா பூட்ச்சு என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். டீக்கடை வரைக்கும் என் புள்ள போட்ட டிசைன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷன், அன்றைக்கு உன் பெயரைப் பற்றி மூச்சே விடவில்லை. அடுத்த பிளாக்குகளின் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அது போகட்டும், மறைமலை நகரில் இப்போது அவருக்கு மட்டக் காந்தம் என்று பட்டப்பெயர். முன்பு அண்ணா என்று கூப்பிட்டவர்கள்தான் வைத்தது.

இதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் ஜெயஸ்ரீ இண்டர்நெட்டில் உன் ஜெர்மனி கம்பெனியின் பக்கத்தைக் காட்டினாள். நீ கோட்டு போட்டு மேடையில் நிற்கிறாய், பின்னால் திரையில் நம் மோட்டார். செலவைக் குறைத்த காந்தம் சென்னை வெயிலிலேயே ஓடுகிறது என்று நீ பேசியதாகப் போட்டிருக்கிறது, எல்லோரும் கை தட்டுகிறார்கள். தேதியைப் பார்த்தேன். அப்பா உனக்குப் போன் செய்து சொன்னதற்கு அப்புறம் வந்த தேதி. எனக்கு வயிறு எரிந்தது வெற்றி. பெற்ற பிள்ளையை நினைத்து வயிறு எரிவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். அப்பாவிடம் அதை நாங்கள் காட்டவில்லை. காட்டினால் அதையும் நாலு பேருக்குக் காட்டிச் சந்தோஷப்படுவார் என்று பயமாக இருக்கிறது.

நீ அங்கே இன்னும் மேலே வர வேண்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், சாமி முன்னால் நின்றால் இன்றைக்கும் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, பல் டாக்டரிடம் போகிறேன் என்றாயே, தள்ளிப் போடாதே. ஜீவானந்தம் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கணக்கு நான் போட்டது, அப்பா போட்டது இல்லை என்று உன் வாயால் அவரிடம் சொல். அதைச் சொல்கிற வரைக்கும் அப்பாவுக்குப் போன் பண்ணாதே. நீ பண்ணினால் முதல் மணியிலேயே எடுத்து, சாப்ட்டியாப்பா என்றுதான் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை இன்னொரு தடவை கேட்க என்னால் ஆகாது.

கோபம் தீராத,
உன் அம்மா
ஹேமாவதி