உன் நிறம் கிடைக்கவில்லை, தேனு

தேனு கண்ணு,

அடுத்த வியாழக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் தனியாகச் சொல்லி அழ வேண்டியதை இப்படிப் பத்துப் பேர் படிக்க எழுதுகிறேனே என்று கோபப்படாதே. நான் உனக்குச் செய்த தப்பு பரமத்தி வேலூரில் உன் வீட்டுத் தெருமுனையில் மூன்று நாள் நின்றது. ஊரே பார்த்தது. மன்னிப்பை மட்டும் உன் காதோடு கேட்டால் நியாயமா?

படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும். நாமக்கல்லில் ஒரு ப்ளெக்ஸ் கடையில் நீயும் நானும் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டிசைன் செய்தோம். காதுகுத்து, கல்யாணம், கோழித்தீவன மூட்டை, ஸ்கூல் அட்மிஷன், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் நம் இரண்டு கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகும்.

எனக்கு டிசைன் என்றால் நெட்டைத் திறப்பது. நாலு படம் பார்ப்பேன், அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் உருவுவேன், வேலை முடிந்தது. நீயோ பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்கு வந்ததே இல்லை. லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வாசலில் நிற்பாய். வெற்றிலைக் கட்டு அடுக்கியிருந்தால் குனிந்து கொழுந்துக்கும் முற்றினதுக்கும் நடுவில் எத்தனை பச்சை என்று எண்ணுவாய். முட்டையின் மஞ்சள் கரு எவ்வளவு அடர்த்தி என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பண்ணைகளில் ஒரு விசிறி அட்டை வைத்திருப்பார்களே, அதை யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்து மானிட்டரில் தொங்கவிட்டிருந்தாய். பார்த்ததையெல்லாம் போனில் எடுத்து, கடை கம்ப்யூட்டரில் 'பாத்தது' என்ற போல்டரில் போட்டு வைப்பாய்.

ஒரு சீர் ப்ளெக்ஸுக்கு நீ வாழைப்பூ மடலின் உள்பக்கத்து நிறத்தைப் பின்னணியாக ஓட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்களெல்லாம் சீர் நடக்கிற பெண்ணைக்கூட விட்டுவிட்டுப் பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. "எங்கிருந்துடி உனக்கு இதெல்லாம் தோணுது?" என்று கேட்டேன்.

"எங்கிருந்தும் தோணல. அது பாட்டுக்கு அங்க இருக்குது, எடுத்துட்டு வாரேன். நீதான் கண்ணை ஊட்டுலயே உட்டுட்டு வார" என்றாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஓனர் அண்ணனுக்கும் உனக்கும் ஒத்தே வராது. யார் முகத்தையும் நீ வெளுக்க மாட்டாய். போட்டோ கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் "கொஞ்சம் கலரா பண்ணி உடு சாமி" என்பார்கள். நீ திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, உங்க புள்ளைய உங்களுக்கே அடையாளந் தெரிய வேண்டாமுங்களா?" என்பாய். அவர்கள் முகம் சுண்டி என் நாற்காலிக்கு வருவார்கள். எனக்கென்ன, இரண்டு க்ளிக். கறுத்த மாப்பிள்ளை வெளுத்துவிடுவார், எல்லோருக்கும் சந்தோஷம். "சுண்ணாம்பு அடிச்சாச்சாடி?" என்று திரும்பாமலே கேட்பாய். நானும் சிரிப்பேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். நாலே நாள். ஐந்தாம் நாள் காலையில் கடையைத் திறக்கும்போது ஓனர் அண்ணன் கண்ணெல்லாம் சிவந்து நின்றார். "மதி, நீயே பண்ணிரும்மா. எடுக்கறதுக்குள்ள ப்ளெக்ஸ் அங்க போயிரோணும்" என்றார்.

உன் போல்டர் முழுக்கத் தேடினேன். ஆயிரக்கணக்கில் படம், ஒன்றில்கூட நீ இல்லை. என் தங்கச்சி கல்யாணத்தில் நாம் இரண்டு பேரும் நின்ற படம் என் போனில் இருந்தது. அதில் உன்னை மட்டும் வெட்டி எடுத்தேன். உன் தோளில் என் கை இருந்தது, அதை அழித்தேன். பின்னால் வானம், பக்கத்தில் விளக்கு, கீழே உன் பேர். கண்ணீரில் ஸ்கிரீனே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் முடித்து மெஷினுக்கு அனுப்பினேன்.

உன் அம்மா தெருமுனைக்கு வந்தபோதுதான் அதை நிமிர்ந்து பார்த்தார்கள். "இது ஆரு சாமி? இது எம்பட புள்ள இல்லீங்க" என்றார்கள். துக்கத்தில் ஏதோ சொல்கிறார்கள் என்று மற்றவர்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். தேனு, உன்னை நான் வெளுத்திருந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போட்டோவைத் திறந்தால் வெட்டு, துடை, வெளுப்பாக்கு என்று ஒன்பது வருஷமாகப் பழகின கை, அது பாட்டுக்குச் செய்துவிட்டது. உலகத்தில் ஒருத்திக்குச் செய்யக் கூடாது என்றால் அது உனக்குத்தான். உனக்கே செய்துவிட்டேனே, பாவி!

அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே வரவில்லை. பழைய டிசைனைத் திறந்து பேரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். "இதுக்கு டிசைனர் எதுக்கும்மா?" என்று ஓனர் அண்ணனே ஒருநாள் கேட்டுவிட்டார். கோபமாகக் கூட இல்லை, ரொம்பக் களைப்பாகக் கேட்டார். உன் போல்டரைத் திறந்து அதிலிருக்கும் நிறங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உன் கையில் அவ்வளவு உயிராக இருந்த பச்சை என் பேனரில் பாசி பிடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஈரத் தார்ப்பாயைப் பதினேழு முறை எடுத்து வைத்திருக்கிறாய். அதில் என்னடி பார்த்தாய்?

போன மாதம் உன் அம்மா கடைக்கு வந்தார்கள். பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார்கள். உன் வருஷ நினைவுக்கு ப்ளெக்ஸ் வைக்க வேண்டும் என்று சொல்லி, உன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "அவ நெறத்துலயே போட்டுக் குடு சாமி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேன்?

உன் சொந்தக்காரர்களிடம் கேட்டு உன் படம் பதினொன்று வாங்கினேன். பதினொன்றிலும் பதினொரு நிறத்தில் இருக்கிறாய். ஒன்றில் கல்யாண மேக்கப். ஒன்றில் ட்யூப் லைட் வெளிச்சம். மீதியில் போனே தானாக உன்னை வெளுத்து வைத்திருக்கிறது. ஒரு புள்ளியைத் தொட்டால் அங்கிருக்கும் நிறத்தை எடுத்துக் கொடுக்கும் கருவி நம்மிடம் இருக்கிறதே, அதை வைத்து உன் கன்னத்தை எத்தனை முறை தொட்டிருப்பேன். எதுவும் நீ இல்லை.

கடைசியில் நீ பார்த்த இடங்களுக்கே கிளம்பினேன். உன் ஊர் வேலூர்ச் சந்தையில் வெல்லக் கட்டியைப் போனில் எடுத்தேன். எடப்பாடியில் தறிப்பட்டறைக் கதவின் மரத்தை எடுத்தேன். லாரிப் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளேயிருந்து ஒருவர் வந்து, "என்னுங்க வேணும்?" என்றார். "நெறம் பாக்க வந்தனுங்க" என்றேன். "பெயிண்டு கடை அந்தப் பக்கமுங்க" என்று கை காட்டினார். நீ இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரித்திருப்பாய். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். ஒன்பது வருஷம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், உன்னை ஒருநாளாவது ஒழுங்காகப் பார்த்தேனா?

நேற்று உன் அம்மாவை வரச் சொல்லி அவர்கள் கையை மானிட்டர் ஓரத்தில் வைக்கச் சொன்னேன். அவர்கள் தோலைப் பார்த்துப் பார்த்து நிறத்தைக் கலந்தேன். கறுப்பைக் கொஞ்சம் ஏற்றினேன், சிவப்பைக் குறைத்தேன். "இப்பச் சரியாங்கம்மா?" என்று கேட்டேன். அவர்கள் உன் முகத்தையே பார்த்தார்கள். "இன்னுங் கொஞ்சம்" என்றார்கள். ஏற்றினேன். "இல்ல, முந்தி இருந்ததுதான்" என்றார்கள். இறக்கினேன். இப்படியே மத்தியானம் வரைக்கும் போனது.

அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். "தெரியலையே சாமி. எம்பட புள்ள நெறம் எனக்கே மறந்து போச்சே" என்று சொல்லி அங்கேயே அழுதார்கள். நானும் அழுதேன். நாங்கள் இனி யாரைக் கேட்பது, தேனு? உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் மிச்சம் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

கறுப்பு வெள்ளையில் போட்டுவிடலாம் என்று ஓனர் அண்ணன் மெதுவாகச் சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "கறுப்பு கொஞ்சம் கூடிப் போனாலும் பரவால்ல. கொறைச்சுப் போட்டுறாத சாமி" என்றார்கள்.

அப்படியே செய்திருக்கிறேன். வியாழக்கிழமை தெருமுனையில் நிற்கப் போகிற முகமும் உன் முகம் இல்லை, எனக்குத் தெரியும். வாழைப்பூ நிறம் எடுத்த உன் கண் எனக்கு வராது, அந்த ஆசையையும் விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும், ஓனரே சொன்னாலும், வேலையே போனாலும், எந்த முகத்தையும் வெளுக்க மாட்டேன். இனிமேலும் என் கை தவறும், தவறாமல் இருக்க நான் நீயில்லை. ஆனால் தவறினால் கறுப்பின் பக்கமாகத்தான் தவறும்.

உன் அம்மாவை அம்மா என்றே கூப்பிடும்
உன் மதி