அம்மா பிசைகிற களிமண்

மேற்கு மாம்பலம்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்பு மகள் நிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், அதைக் கேட்க எனக்கே வாய் கூசுகிறது, அதனால் சாப்பிட்டாயா, கொஞ்சமாவது தூங்கினாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை தமிழ்மாறன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம், இனி பகலெல்லாம் அந்த வெளிநாட்டுக் குளிரில் நீ தனியாக இருப்பாய் என்ற நினைப்பு வந்தால் கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் புத்தி அங்கே இருப்பதில்லை. நேற்று தரமணி சிக்னலில் பச்சை விழுந்தது கூடத் தெரியாமல் ஆபீஸ் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தேன், பக்கத்து ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, இன்னா நைனா, தூங்கிக்கினு கீறியா என்று கேட்ட பிறகுதான் எடுத்தேன். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன். பஸ் ஓட்டுகிறவன் எழுத்து, மேடு பள்ளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

இங்கே நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டுவிட்டார்கள், எதற்கு என்று தோண்டுகிறவனுக்கே தெரியவில்லை. கீழ்வீட்டு அஃப்சருன்னிசா ஆன்ட்டி உன்னை விசாரிக்காத நாள் கிடையாது. நீ நகை செய்கிற அந்த பாலிமர் களிமண்ணையும் அதன் சாமான்களையும் ஒன்று விடாமல் குப்பையில் போட்டுவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னதை அவர்களிடம் சொன்னேன், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேக் சுடுகிற ஓவனில்தானே நீ முதல் முதலாக ஜிமிக்கி சுட்டாய், ஒரு காதுக்கு நெல்லிக்காய், ஒரு காதுக்கு எலுமிச்சம்பழம் என்று நான் கிண்டல் பண்ணினேன், நீ அதையே மாட்டிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறி ஆபீசுக்குப் போனாய். பிறகு உன் கை படிந்துவிட்டது, ஆபீஸ் பெண்களெல்லாம் புடவைக்குப் பொருத்தமாக உன்னிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கையைத்தான் நீ இப்போது குற்றவாளி மாதிரி பார்க்கிறாய்.

களிமண் கருகின புகையால்தான் குழந்தை போயிற்று என்று நீ நினைக்கிறாய், எனக்குத் தெரியும். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்துவிட்டது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் உன்னை உட்கார வைத்துச் சொன்னாராம். டாக்டர் சொன்னது உன் காதில் ஏறவில்லை, உன் அம்மா சொன்னதுதான் ஏறியிருக்கிறது. அன்றைக்கு வீடியோவில் வளைகாப்புக்குப் போட்டுக்கொள்ளச் செய்த வளையல்களை நீ எவ்வளவு ஆசையாகக் காட்டினாய், ஒரு தட்டு கருகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தாய். இவள் இங்கிருந்து, புள்ளைய வயித்துல வச்சிக்கினு பிளாஸ்டிக்க சுட்டுக்கினு கீறியே, புள்ளைக்கு ஏதாவது ஆயிடப் போவுது என்று சொல்லித் தொலைத்தாள். பயத்தில் எல்லா அம்மாவும் சொல்கிற பேச்சுதான் அது. சொன்ன மாதமே நடந்துவிட்டது, அதுதான் நம் கெட்ட நேரம்.

அம்மா கோபத்தில் இருக்கிறாள், அதனால்தான் போனை வாங்க மாட்டேன் என்கிறாள் என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னாயாம். கோபம் இல்லை கண்ணு. மிக்ஸி இன்னிக்கு பூடும்பாரு என்று அவள் சொல்லி அன்று சாயங்காலமே மிக்ஸி புகைந்தது, மழை வரும் என்று சொன்னால் வந்தது, நீயும் நானும் சேர்ந்துதானே அவளுக்குக் கருநாக்கு என்று பேர் வைத்துச் சிரித்தோம். அவளும் நம்மோடு சேர்ந்து சிரித்தாள், இப்போது அதை நிஜம் என்று நம்பிவிட்டாள். தன் நாக்குதான் பேரப்பிள்ளையைத் தின்றுவிட்டது என்று நினைக்கிறாள். உன் செய்தி வந்ததிலிருந்து வீட்டில் வேணும், வேணாம் தவிர வேறு பேச்சு இல்லை. காய்காரரிடம் கையைக் காட்டி வாங்குகிறாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது பாத்து போய்ட்டு வாங்க என்று கூடச் சொல்வதில்லை, சொன்னால் எனக்கும் ஏதாவது ஆகிவிடுமாம். உன்னிடம் பேசினால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுதான் போனைப் பார்த்தாலே அடுப்படிக்குள் போய்விடுகிறாள். ஊரையே வாயால் வாங்கி வாயால் விற்கிறவள் இப்படி ஊமையாக உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. உனக்கு ஆறுதல் சொல்வதா அவளுக்குச் சொல்வதா என்று தெரியாமல் நான் பஸ் டிப்போவில் டீ குடிக்கிற இடத்தில் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

ஆன்ட்டி அம்மாவைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய் ஒரு விஷயம் சொன்னார்கள், இத்தனை வருஷத்தில் நமக்குத் தெரியாதது. அவர்கள் பையன் ஃபராஸுக்கு முன்னால் அவர்களுக்கும் ஒரு குழந்தை இதே மாதிரி நிறைமாதத்துக்கு முன்பே போயிருக்கிறது. நான் அப்ப எந்தக் களிமண்ணையும் சுடலை, எனக்கு யாரும் சாபமும் விடலை, எனக்கு ஏன் போச்சு, நீயே சொல்லு என்று கேட்டார்களாம். உன் அம்மா மேலே வந்து, பரண் மேல் நீ விட்டுப் போன களிமண் டப்பாவை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

நாள்பட்டதால் களிமண் கெட்டியாகிவிட்டிருந்தது. நீ செய்கிற மாதிரியே உள்ளங்கைச் சூட்டில் வைத்துப் பிசைந்து பிசைந்து இளக்குகிறாள், உருட்டுகிறாள், மறுபடி சேர்த்துப் பிசைகிறாள். ஒரு பாசிமணி கூடச் செய்து முடிப்பதில்லை. இன்று மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நேரமா பிசையறியே, இன்னாதான் செய்யப் போற என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, பொண்ணா பையனான்னு கூட நாம கேக்கலியே, தெரியாம இன்னாத்த செய்றது என்றாள். சொல்லிவிட்டு உன் அம்மா அழுதாள், நிலா, அன்றிலிருந்து இன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

உங்கள் ஊரில் ஸ்கேனிலேயே சொல்லிவிடுவார்கள், வளைகாப்பு அன்று சொல்கிறேன் என்று நீ வைத்திருந்தாய். அதற்குப் பிறகு, அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், அவள் மறக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். எதை மறப்பது, எங்களுக்கு எதுவுமே தெரியாதே.

மாப்பிள்ளை உனக்கு எதிரி இல்லை, அவரிடம் முகம் கொடுத்துப் பேசு. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. தெய்வம் உங்கள் இருவரையும் கைவிடாது, என் மிச்ச ஆயுளும் உனக்கே சேரட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். குழந்தை பெண்ணா பையனா என்று எனக்கு எழுத வேண்டாம், அம்மாவைக் கூப்பிட்டு அவளிடம் சொல். போனை நான் அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். அவள் வாயைத் திறக்க மாட்டாள், பேசவில்லையே என்று நீ வைத்துவிடாதே, கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வடிவேலு