தல்சிக் அண்ணன் கொடுத்த மைனா

ஹேரான் அப்பாவுக்கு,

பொதுக் குளியல்கூடத்திலிருந்து வந்ததும் கடற்பாசி சூப்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். உங்கள் பிறந்த நாளும் அதுவுமாகக் காலையில் சண்டை போட்டது என் தப்புதான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, பேஸ்பால் பார்க்கப் போகணுமா என்ற பயத்தில்தான் கத்தினேன்.

நீங்கள் போன பிறகு ஒன்று நடந்தது. தல்சிக் அண்ணன் கொடுத்த மைனாவுக்கு "டேய்" என்ற ஒரு சொல்தானே தெரியும்? எதிரணிக்காரன் பந்தை வீசாமல் இழுத்தடித்தால் மைதானத்தில் உங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து அவர் போடும் சத்தம். ஏப்ரலில் அவர் இறந்ததிலிருந்து அதையும் விட்டுவிட்டது. இன்று கூண்டைக் கழுவும்போது என் முகத்தைப் பார்த்து அவர் குரலில் நிதானமாக உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது:

"பொம்சு, சீக்கிரம் வாடா. ஒன் எடத்துல யாரையும் உக்கார விடல."

"சும்மா இரு" என்றேன்.

"தங்கச்சி, நீ அவனத் தடுக்காத" என்றது.

அண்ணன் உங்களுக்குப் பரிசாக எடுத்துத் தந்த சீசன் டிக்கெட்டைத் தேடாதீர்கள். நான் கொண்டுபோகிறேன். எனக்கு பேஸ்பால் ஒன்றும் புரியாது. இருந்தாலும் ஆட்டம் முடியும்வரை உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும். "அவர் இப்போதைக்கு வரமாட்டார், அண்ணா" என்று அதனிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

மாத்திரை மூன்று மணிக்கு.

ஹேரான் அம்மா

கூண்டைத் துணியால் மூடியிருக்கிறேன், எடுக்க வேண்டாம். அது கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள். என் குரலில் கூப்பிட்டாலும்.