மீன் ஐஸில் வைத்த இன்சுலின்

அன்பு மகளுக்கு,

காசிமேட்டிலிருந்து உன் அம்மா எழுதுவது. நலமாகவே இருக்கிறேன். இரண்டு மாதங்களாக எழுதாததற்குக் காரணம் உண்டு.

உங்கள் ஆலையில் தயாராகும் இன்சுலினைக் குளிரில் வைக்கச் சொன்னாய் அல்லவா? குளிருக்கு நம்மிடம் என்ன குறை என்று எண்ணி, நம் மீன்கடையின் உப்புப் போட்ட ஐஸுக்குள் புதைத்து வைத்தேன். பக்கத்துக் கடை பூவம்மா, "இன்னாக்கா, வஞ்சிரத்துக்கும் சக்கரையா? ஊசி போட்டுத்தான் விப்பியா?" என்று கேலி செய்தாள். நான் பொருட்படுத்தவில்லை.

ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை நானூறைத் தாண்டியது. கால் புண் ஆறவில்லை. உறைந்த இன்சுலின் பயன்படாது என்பதைச் செவிலியர்தான் விளக்கினார். கால் கட்டைவிரலைக் குறித்து மருத்துவர் கூறியதை இங்கே எழுதுவதற்கில்லை. புது இன்சுலினை உறையாமல் வைத்துப் போட்டபின் புண் ஆறியது; விரல் இன்றும் என்னிடமே இருக்கிறது.

மனிதரின் இன்சுலின் மரபணுவைப் புகுத்திய கிருமி மனித இன்சுலினையே உண்டாக்கும் என்று நூலகத்தில் படித்தறிந்தேன். நீ கிருமி வளர்க்கும் வேலைக்குப் போனதற்கு அழுதவள் நான். உறவினரிடம், அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாய் என்று சொன்னவளும் நானே. நேற்று ஏலக்கூடத்தில் உண்மையை உரக்கச் சொன்னேன்.

"கிருமியா? அத்த இன்னாத்துக்குக்கா வளக்குது உம் பொண்ணு?" என்றாள் பூவம்மா.

நான் காலை நீட்டிக் காட்டினேன்.

பெருமையுடன்,
உன் அம்மா