ஸ்கீச் சப்பாத்தும் பெரியவரும்

பெப். 3, செவ்வாய். ரண்டர்ஸ்
மழை. ஸ்நோவும் இல்லை, வெயிலும் இல்லை, வெறும் சேறு. வேலையால வந்து உடுப்பு அடுக்கத் துவங்கினது, பாதியில நிக்குது.

ஒடென்சேயில இருந்து அத்தான் போன். இனி இதில அவருக்குப் பேர் பெரியவர். அக்காவைக் கட்டின நாள் தொட்டு எல்லாம் தெரிஞ்சவர். பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு குடும்பமும் நோர்வே போறம், மரவீடு எடுத்தாச்சு. பனியில சறுக்குற ஸ்கீப் பலகை மட்டும் இழுபறி. நாங்கள் இஞ்சயே கடையில வாடகைக்கு எடுத்து காருக்கு மேல கட்டிக்கொண்டு போவம் எண்டம்.

"விசரே உங்களுக்கு? டென்மார்க்கில மலை எண்டால் மேம்பாலம்தான். இவங்களுக்கு ஸ்கீயைப் பற்றி என்ன தெரியும்? அங்க போய் எடுப்பம்."

"லீவுக்கு அரைவாசி டென்மார்க் அங்கதான் அத்தான் நிக்கும்."

"நான் நோர்வேயில வேலை செய்தவன்."

மூண்டு மாசம். மீன் ஃபக்டரி. அதுவும் கோடையில.

பெப். 4, புதன்
மத்தியானம் அக்கா போன். முதியோர் இல்லத்தில வேலைக்கு நடுவில, குரலைத் தாழ்த்தி.

"உங்கட கடையில எனக்கும் ஒரு சோடி எடுப்பியே? சப்பாத்து முப்பத்தெட்டு. அவரிட்ட இப்ப சொல்லாதை."

"உடம்பு நிறையும் கேப்பினம் அக்கா. அதை வைச்சுத்தான் சப்பாத்தை ஸ்கீயில பூட்டுற பூட்டை இறுக்கிறது. குறைச்சுச் சொன்னா சும்மா சும்மா கழரும்."

கொஞ்சம் யோசிச்சா. "எழுபத்தொண்டு. உண்மையா."

ஐம்பத்திரண்டு வயசில முதல்தரம் தனக்கெண்டு ஒண்டு எடுக்கிறா. அதையும் களவு மாதிரி.

பெப். 6, வெள்ளி
கடை. மகள் மீரா அரை மணித்தியாலம் ஹெல்மெட்டின்ர நிறம் பாத்தவள். ரூபன் சப்பாத்துக்குள்ள காலை விட்டார், "சரி" எண்டார், எடுத்தார். நடந்து பாருங்கோ எண்டு கடைக்காரி ரெண்டுதரம் சொன்னவ. என்ர மனுசனுக்கு நடக்கிறதெண்டால் பஞ்சி.

பால், ரொட்டி, பற்றரி வாங்க வேணும். பற்றரி மறந்தாச்சு.

பெப். 7, சனி
ஹியர்ட்ஸ்ஹால்ஸ், ஃபெரிக்குக் கார் வரிசை. காத்து ஆளைத் தூக்குது. பெரியவர் தன்ர காரால இறங்கி வந்து எங்கட கூரையை அண்ணாந்து பாத்தார்.

"மூண்டு பேர்தானே நீங்கள். நாலாவது சோடி ஆருக்கு?"

ரூபன் ரயரைப் பாத்தார். நான் வாயைத் திறக்க முதல் பின்னால அக்கா: "எனக்கு."

  ஃபெரியில பெரியவர் கோப்பி வாங்கினார், தனக்கு மட்டும்.

பெப். 8, ஞாயிறு. நோர்வே
நல்ல குளிர், நீல வானம். வாடகைக் கடை வாசலுக்கு வெளியால வரைக்கும் வரிசை, எல்லாம் டெனிஷ் சத்தம். நாங்கள் மலைக்குப் போட்டம், பெரியவர் வரிசையில. கையுறையை எடுக்க நான் திரும்பிவந்த நேரம்தான் அவற்ற முறை.

கடைக்காரி கேட்டா, பழகினவரோ, புதுசோ எண்டு.

"நல்லாப் பழகினவன்." டெனிஷில, ஊருக்கே கேக்க.

அதுக்கேத்தமாதிரி அவ பூட்டை நல்லா இறுக்கினா. அவற்ற அளவு 42 சப்பாத்து முடிஞ்சுதாம், நாளைக்கு வருமாம். 44 ஐப் போட்டுக்கொண்டு வந்தார், மூண்டு சொக்ஸோட. "கொஞ்சம் பெரிசுதான் நல்லது. காத்தோட்டம்."

மீரா என்ர காதுக்குள்ள: "பின்லிட்." வெக்கக்கேடாம். ஓம் பிள்ளை.

பின்னேரம், சப்பாத்து அழுத்தி ரூபன்ர கணைக்கால் முன்பக்கம் கண்டிப்போச்சு. மாத்த ஏலாது, கடை ரண்டர்ஸில. பெரியவருக்குப் பெருநாள். "பாத்தியே? இஞ்ச எடுத்திருந்தா நடந்துபோய் மாத்தியிருக்கலாம்." அது சரி. அந்தாள் சொன்னது சரியா இருக்கிறதைப்போல எரிச்சல் வேற இல்லை.

பெப். 9, திங்கள்
பழகுற சரிவு. மீரா முன்னுக்கு, அக்கா பின்னால. "பிட்சா, மோஸ்டர், பிட்சா!" மோஸ்டர் எண்டால் டெனிஷில பெரியம்மா. ஸ்கீயின்ர முனையை பிட்சாத் துண்டு மாதிரிச் சேர்த்தா நிக்குமாம். அக்கா நிக்கேல்லை. வேலியில போய் விழுந்தா. ஓடிப்போனன்; ஸ்நோவுக்குள்ள கிடந்து சிரிக்கிறா. இந்தச் சிரிப்பை நான் எப்ப கடைசியாக் கேட்டன்?

பெரியவர் கரையில நிண்டு: "முழங்காலை மடக்கு! உனக்கு இது சரிவராது, கழட்டு!" அவர் இன்னும் ஒரு அடி சறுக்கேல்லை. அக்கா எழும்பி அவரைத் தாண்டிப் போனா. 

அதுக்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளேல்லை. லிஃப்டில மேல ஏறினார். 42 வந்திட்டுது, மாத்திப்போட்டு ஏறுங்கோ எண்டு ரூபன் சொன்னவர். ஆர் கேக்கிறது?

கீழ வந்தது மீட்புக்காரற்ற சறுக்குவண்டியில. சப்பாத்துக்குள்ள கால் ஆடியிருக்கு, விழேக்க பூட்டு கழரேல்லை, முழங்கால் திரும்பியிட்டுது.

பெப். 10, செவ்வாய்
டொக்டர்: முறிவு இல்லை, சவ்வு இழுபட்டிருக்கு. கட்டுப் போட்டு ரெண்டு ஊண்டுகோல். பெரியவர் சோபாவில. குற்றவாளிகள் வரிசையா: கடைக்காரி, ஸ்நோ, ரூபன், பிறகு அக்கா. "நீ அந்தக் கூத்தாடாட்டில் நான் ஏன் மேல போறன்?"

நாளைக்கே வீட்ட போறமாம். தன்ர காரை ரூபன் ஓடட்டாம்.

அக்கா ஐஸ் பையை முழங்காலில வைச்சா. "சனிக்கிழமை போவம். லீவு அதுமட்டும் எடுத்தது."

"என்னை ஆர் பாக்கிறது?"

"ரிமோட் பக்கத்தில இருக்கு." ஜக்கெட்டைப் போட்டா.

நான் குசினிக்குள்ள போய், கோப்பையைக் கழுவுறமாதிரித் தண்ணியைத் திறந்துவிட்டுச் சிரிச்சன். பாவம் எண்டு ஒரு சொட்டு வந்தது. அதுவும் தண்ணியோட போட்டுது.

பெப். 12, வியாழன்
நீலப் பாதை, பழகுற சரிவுக்கு அடுத்தது, அக்காவும் நானும். நான் ரெண்டுதரம் விழுந்தன், அக்கா ஒருக்காவும் இல்லை. கறி எரிஞ்சது, ஒருத்தரும் கவலைப்படேல்லை. பெரியவர் மட்டும் உப்புக் குறைவு எண்டார்.

பெப். 14, சனி
ஃபெரிமட்டும் பெரியவற்ற காரை ரூபன் ஓடினவர், எங்கடதை நான். ஃபெரி ஆட்டம், மீரா சத்தி. ஹியர்ட்ஸ்ஹால்ஸில இறங்க மழை.

ரூபன் பெரியவற்ற கார்ச் சாவிக்குத் திரும்பவும் கையை நீட்டினார். அக்கா குடுக்கேல்லை. "நான் ஓடுறன்." லைசன்ஸ் எடுத்துப் பதினாறு வருசம், இந்தக் காரை ஒருநாளும் தொடவிட்டதில்லை அவர், பெரிய ரோட்டு உனக்குப் பயம் எண்டு. பெரியவரைப் பின்சீட்டில காலை நீட்டி ஏத்தினம். முகத்தைப் பாக்கவேணும்.

கொஞ்சத் தூரம் எங்களுக்குப் பின்னால வந்தா. ஓல்போர் தாண்ட, இடப்பக்கத்தால ஒரு கார்.

"உங்கட அக்கா," எண்டார் ரூபன்.

எங்களைத் தாண்டிப் போனா. ரெண்டு கையும் ஸ்டியரிங்கில, கண் நேர. பின்சீட்டில பெரியவற்ற வாய் ஓயாமல் அசையுது. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது, ஒரு சொல்லும் கேக்கேல்லை.